பிரேமில் எழுதிய தோட்டத்துப் பெயர்

1

நான் ஓட்டுகிற சைக்கிளின் மேல்குழாயில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கிறது. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், பிரதான வீதியிலிருந்து மேலே ஏறினால் வருகிற தோட்டம். ஸ்கொட்லாந்துக்காரன் எவனோ தன் ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து எங்கள் மலைக்கு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. தேயிலைப் பெட்டிகளில் அதற்குக் கிடைத்திருக்கிற விளம்பரமே போதும்.

எழுதுவித்தவள் என் மகள் யாழினி. நான் நெதர்லாந்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் நிறைந்ததற்கு அவள் தந்த பரிசு. கரும்பச்சை பெயின்ட், அதன்மேல் பொன்னிற எழுத்து. துணியை விலக்கிக் காட்டியபோது நான் அந்த எழுத்தை உள்ளங்கையால் மறைத்தேன். நான் சந்தோஷத்தில் தடவிப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு சாமானில் பெயர் எழுதியிருந்தால் அது தோட்டத்துக்குச் சொந்தம் என்று அர்த்தம். கொழுந்துச் சாக்கு, மண்வெட்டி, தராசு, டிஸ்பென்சரிக் கம்பளி எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். பெயர் போட்ட கம்பளி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் அகப்பட்டால் அது களவு. யாழினிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அவளுடைய அம்மப்பா அந்தத் தோட்டத்துக்குத் துரையாக, பங்களாவில் இருந்து தோட்டத்தையே நிர்வாகம் செய்கிற அதிகாரியாக இருந்தவர்.

அது பொய். சொன்னவள் நான்.

என் அப்பா முத்தையா கவ்வாத்து வெட்டினார். ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. அம்மா கொழுந்து பறித்தார். நானும் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு ஒன்றரை வருடம் தலையில் கூடைக்கயிறு மாட்டியவள்தான். பிரிவைக் கணக்கு என்போம், அறையைக் காம்பரா என்போம்; பணியக்கணக்கு என்கிற கீழ்ப்பிரிவில் பத்துக் காம்பரா லயம். நாலாவது காம்பரா எங்களுடையது. துரையை நான் கிட்டத்தில் பார்த்தது மொத்தமே மூன்று தடவை. மூன்று தடவையும் அவர் என்னைப் பார்க்கவில்லை.

2

பொய் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் நீங்கள் என்னை இன்னும் கேவலமாக நினைப்பீர்கள். சொன்னாலும் நினைக்கலாம்.

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் நான் துணிக்கடையில் நின்ற காலத்தில் பழக்கமாகி, கல்யாணம் கட்டி, அவர் முன்னால் வந்து நான் பின்னால் வந்தேன். இங்கே எங்கள் நகரத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. யாழினிக்கு எட்டு வயது. அங்கே வடையும் தேத்தண்ணியும் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்.

"நீங்கள் கதைக்கிறது வேற மாதிரிக் கிடக்கு. மலைநாடோ?"

"ஆமாங்க, ஹட்டன் பக்கம்."

"அப்ப தோட்டத்தில வேலை செய்த ஆக்களோ?"

அந்த 'ஆக்களோ'வில் இருந்த இழுவையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் திருப்பினார்கள். யாழினி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை.

"எங்கப்பா அங்க தொரையா இருந்தாருங்க" என்றேன்.

பொய் சொல்லத்தான் துணிந்தேன் என்றால், வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். டீமேக்கர் என்றிருக்கலாம். அளவோடு பொய் சொல்லத் தெரியாத ஜென்மம், நேரே பங்களாவுக்குள் ஏறிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண்கள் எனக்கு வடையை இரண்டாக வைத்தார்கள். அதை நான் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யாழினி அன்றைக்கே பங்களாவைப் படமாக வரைந்தாள். பிறகு டச்சுப் பள்ளியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். பிறகு வேலையிடத்தில் சொன்னாள். வெள்ளைக்காரர்களுக்கோ இது தேனாக இனித்தது. "நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தீர்களாமே, என்ன ஓர் அழகான வாழ்க்கை" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அட்டை உறிஞ்சிய காலோடு மழையில் நின்ற அழகை அவர்களுக்கு விளக்க என்னுடைய டச்சு போதாது. சரியான சொல் தேடித் தடுமாறினால், உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று முதுகைத் தடவுவார்கள்.

வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும். "நீர் சொல்லாட்டி நான் சொல்லமாட்டன்" என்றார். "ஆனா இது நெடுக ஓடாது பாரும்."

பதினாறு வருடம் ஓடியது.

3

யாழினிக்கு இப்போது இருபத்துநாலு வயது. வேறு நகரத்தில் வேலை, வேறு வீடு. போன் எடுத்தால் இரண்டு நிமிடம் பேசுவாள், அதற்குள் நான்கு தடவை "வேற என்ன?" என்பாள். அவள் என்னோடு முழுசாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் மட்டும்தான்.

நான் முதியோர் இல்லத்துச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். போக வர இருபத்தெட்டுக் கிலோமீட்டர், வருடக்கணக்காகச் சைக்கிளில்தான். கியர் வைத்த சைக்கிள் ஒன்று இருந்தது; மழையில் அதன் கம்பிகள் துருப்பிடித்து மூன்று மாதத்துக்கொரு தடவை கழுத்தறுத்தது. அதைத் தூக்கிக் கடாசிவிட்டு ஒற்றைக் கியர் வண்டிக்கு மாறினேன். யாழினி ஓட்டுவது அதைவிடக் கிறுக்கான சாதி. ஃபிக்ஸட். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், இறக்கத்திலும் காலை நிறுத்த முடியாது. அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு ஞாயிறு நூறு, நூற்றிருபது கிலோமீட்டர் போவோம். முதல் முப்பது கிலோமீட்டருக்கு "வேற என்ன?" இருக்காது. அந்த முப்பதுக்காகத்தான் நான் மீதியை மிதித்தேன்.

போன வருடம் அவள் ஓர் இணைப்பை அனுப்பினாள். கொழும்பு இளவட்டங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற நீண்டதூரச் சவாரி. கினிகத்தேனையில் தொடங்கி, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போய்த் திரும்புவது. ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர், ஒரே பகல். வழியில் சில நிலையங்கள். கையில் ஓர் அட்டை தருவார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் குறித்த நேரத்துக்குள் போய் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். பிந்தினால் அதோடு சரி.

இரண்டாவது நிலையம் எங்கள் தோட்டத்துப் பங்களா. இப்போது அது ஹோட்டல்.

"அம்மா, பாத்தனீங்களோ? அம்மப்பாவின்ர பங்களா" என்று போனில் கத்தினாள். "நாங்கள் ரெண்டு பேரும் போறம். டிசம்பரில லீவு எடுக்கிறன். நீங்கள் மலையிலதானே வளந்தனீங்கள், உங்களுக்குச் சுகம்."

அவள் என்னோடு ஊருக்கு வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பங்களாவுக்குப் போனால் பொய் வெளியே வரும். போகாவிட்டால் மகள் இனி எப்போதும் வரமாட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இந்தச் சைக்கிள் அந்த ஏத்தத்துக்குச் சரிவராது. முதல்ல நல்ல இரும்பு பிரேம் ஒண்ணு பாப்போம்" என்றேன்.

4

பிரேம் பார்க்கிற சாக்கில் நான்கு மாதத்தை இழுத்தேன். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கிற அறிவைக் கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். வேறு எதற்கும் அது உதவப்போவதில்லை.

முதல் கடைக்காரனுக்குத் தாடி நெஞ்சு வரைக்கும். சுவரில் சாமிபடம்போல ஒரு பந்தயப் பிரேம் தொங்கியது. குழாய் முடிச்சுகளில் எல்லாம் பூவேலை. தொட்டுப் பார்த்தேன். முன்சக்கரத்தைக் கவ்வுகிற போர்க்கில் பிரேக் பூட்டத் துளையே இல்லை.

"பிரேக் எங்கே?" என்று கேட்டேன்.

"ஃபிக்ஸட்டுக்குக் காலே பிரேக், அம்மணி" என்றான்.

பிறந்ததிலிருந்து பாலத்தைத் தவிர மேடு பார்க்காதவன். ஹட்டனிலிருந்து வட்டவளைக்கு இறங்குகிற மழை வீதியில், எதிரே இ.போ.ச. பஸ் வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு வரும்போது, இவன் காலால் பிரேக் பிடிக்கிற காட்சியை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். போதாக்குறைக்கு டயருக்கும் பிரேமுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. மட்கார்ட் போடவும் வழியில்லை. மழைக்காலத்தில் நாள் முழுக்க ஓட்டுகிறவள் முதுகெல்லாம் சேறாக வர வேண்டும் என்பது இவர்களுடைய அழகுணர்ச்சி.

இரண்டாவது, ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவருடைய கராஜில். பழைய இத்தாலியப் பிரேம். குழாயின் நுனி எத்தனை தடிப்பு, நடு எத்தனை மெலிவு என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம். நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்கச் சொன்னார். கேட்டேன், குழாய்ச் சத்தம்தான். ஆனால் நான் ஐந்தடி உயரம். ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைத் திருப்பினால் செருப்பு நுனி முன்சக்கரத்தில் இடித்தது. நேர் வீதியில் இது பெரிசில்லை. கொண்டை ஊசி வளைவில், ஒற்றைக் கியரில், மெதுவாகத் திணறித் திரும்புகிறபோது இடித்தால் தேயிலைக்குள்தான் கிடக்க வேண்டும்.

மூன்றாவதில் எல்லாம் சரி, பின்சக்கர அச்சு உட்காரும் காடி மட்டும் நேர் கீழே வெட்டியிருந்தது. கியர் மாற்றுகிற பொறி இல்லாத வண்டியில் செயின் தொய்ந்தால், சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் முறுக்க முடியும். அதற்குக் காடி நீளவாட்டில் இருக்க வேண்டும். இது தெரியாமல் ஆயிரம் பேர் வாங்கிவிட்டு, செயினை இழுத்துப் பிடிக்க ஒரு சில்லறைக் கருவியையும் வாங்கி மாட்டிக்கொண்டு, எளிமையான வண்டி ஓட்டுகிறோம் என்று பீற்றிக்கொள்கிறார்கள்.

இதுவரைக்கும் நான் சொன்ன குறைகள் உண்மையான குறைகள். அதற்குப் பிறகு பார்த்த நான்கிலும் குறையே இல்லை. ஒன்றின் நிறம் பிடிக்கவில்லை என்றேன். ஒன்றை விற்றவன் முழி சரியில்லை என்றேன். சவாரிக்குப் பெயர் பதிகிற கடைசி நாள் கடந்து போகட்டும் என்று காத்திருந்தேன். யாழினி பொறுமையாக எட்டாவதைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

எட்டாவது, மூடப்போகிற கடையொன்றின் மூலையில் கிடந்தது. சாதாரண உருக்குக் குழாய். முன்னும் பின்னும் பிரேக்குக்குத் துளை. தடித்த டயரும் மட்கார்டும் போட இடம். காடி நீளம், அதுவும் முன்பக்கம் திறப்பு, மட்கார்டைக் கழற்றாமலே சக்கரத்தை எடுக்கலாம். என் உயரத்துக்குச் சரி. உடைந்தால் ஹட்டன் பஜாரில் எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டலாம். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

"இதில பேர் ஒண்டும் இல்லை" என்றாள் யாழினி.

"பேர் என்னத்துக்கு? இதான் சரி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

பெயரில்லாத பிரேமைத் தேர்ந்தெடுத்தவளுக்குத் தோட்டத்துப் பெயரையே எழுதிக் கையில் கொடுத்தாள்.

5

கடைக்காரன் ஒரு தாள் தந்தான். பிரேமின் அடியில் பொறித்த இலக்கம், செய்த நாடு, உரிமையாளர் பெயர். களவு போனால் கண்டுபிடிக்கப் பதிவேடு உண்டாம். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்த பரம்பரை என்பதால், என் அப்பாவுக்கு நரை விழும் வரைக்கும் அவர் எந்த நாட்டுப் பிரஜை என்று எந்த அரசாங்கக் கந்தோரிலும் சொல்லவில்லை. மனுக் கொடுத்து, சீட்டு வாங்கி, அந்தச் சீட்டு தொலைந்து, மறுபடி மனுக் கொடுத்தார். இரும்புக் குழாய்க்கு முதல் நாளே ஊர் பேர் எல்லாம் இருக்கிறது. நான் சிரித்தேன்; கடைக்காரன் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பார்த்தான்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சைக்கிள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பிரேமைப் பார்த்தார், பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தார், எழுத்தை வாசித்தார். "தோட்டத்துச் சொந்தக்காரங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் யாழினி ஆங்கிலத்தில், "என் அம்மப்பா அங்கே துரை" என்றாள். அதிகாரி உடனே மேடம் போட்டு அனுப்பிவைத்தார். இலங்கைப் பிரஜையாக வந்திருந்தால் அந்த மேடம் கிடைத்திருக்காது.

விமான நிலையத்திலிருந்து கினிகத்தேனை வரைக்கும் வேனில் ஐந்து மணி நேரம். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சந்தியிலும் நினைத்தேன். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். தூங்குகிறவளை எழுப்பிச் சொல்கிற விஷயமா என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

6

காலை ஆறு மணிக்கு கினிகத்தேனை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது பேர் வரிசையாக நின்றோம். மழை தூறியது. ஒரு பொடியன் பெயர் வாசித்தான். ஆள் கைதூக்க வேண்டும், அட்டை தருவான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இது பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற அதே பெரட்டு. பிந்தி வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன பிறகும் கொழுந்து நிறை குறைந்தால் 'பேர்' முழுசாக விழாது, அரைப்பேர். அதாவது ஒரு நாள் வேலை செய்துவிட்டு அரை நாள் செய்ததாக எழுதிக்கொண்டு வருவது. எங்கள் ஆட்கள் பரம்பரை பரம்பரையாகத் தப்பி ஓடப் பார்த்த ஒன்றுக்கு, இந்தக் கொழும்புப் பிள்ளைகள் பணம் கட்டி, இறுக்கமான காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். நானும் ஐயாயிரம் மைல் பறந்து வந்து நிற்கிறேன். என்னைவிடப் பைத்தியம் அந்த வரிசையில் எவருமில்லை.

"ஆன்டி, கியர் இல்லாமலா?" என்று ஒருவன் கேட்டான். "அனே பாவம்" என்று இன்னொருத்தியிடம் சிங்களத்தில் சொன்னதும் கேட்டது. வட்டவளைக்கு முன்னாலேயே அந்தப் பாவம் பார்த்தவன் வீதியோரம் குந்தியிருந்தான். அவன் பாவத்தை நான் பார்க்காமலே கடந்தேன்.

ஏற்றத்தில் ஒற்றைக் கியருக்கு வித்தை எதுவும் இல்லை. எழுந்து நின்று மிதிப்பது, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவது. தள்ளுவதில் எனக்கு வெட்கம் கிடையாது. யாழினி இளரத்தம், ஹட்டனுக்கு முன்பே கண்ணுக்கு மறைந்துவிட்டாள். "பங்களாவில நிக்கிறன்" என்று கத்திவிட்டுப் போனாள். பிரேம் சொன்ன சொல் கேட்டது. வளைவுகளில் கால் இடிக்கவில்லை, மட்கார்ட் சேற்றைத் தடுத்தது, தண்ணீரில் பிரேக் பிடித்தது. அதைத் தேர்ந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வழி முழுக்க மேல்குழாயைப் பார்க்காமல் வந்தேன்.

7

நிலையம் பத்து மணிக்கு மூடும். நான் பங்களாவுக்குப் போய்ச் சேர ஒன்பது ஐம்பது.

ஹோட்டலாக்கினவர்கள் பணத்தை வாரி இறைத்திருந்தார்கள். வாசலில் கொழுந்துக்கூடை ஒன்றில் குடைகளைச் செருகி வைத்திருந்தார்கள். வராந்தாவில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அங்கே லேப்டாப்போடும் முத்திரையோடும் ஒரு கொழும்புப் பெண். யாழினி அவளுக்கு எதிரே, அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலத்தில் அவள் சொல்வது எனக்குக் கேட்டது. "சின்னப் பிள்ளையில் என் அம்மா இந்த வராந்தாவில்தான் விளையாடியிருப்பார்."

நான் சைக்கிளைச் சுவரில் சாத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தேன். படிக்கட்டுக்கு இடது பக்கம், பூப்பாத்தி ஓரம், மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்கு இந்தப் பக்கமாகப் போய் நின்றேன்.

நின்றேன் என்றால் நின்றேன். ஏறவில்லை. மேலே ஐந்து படி. அட்டை என் கையில். பத்து நிமிடம் இருக்கிறது. கால் போகவில்லை. கூப்பிடுவார்கள் என்று நின்றேன். யாராவது வெளியே வந்து, பெயர் கேட்டு, சரி வா என்று சொல்வார்கள் என்று நின்றேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம்போல இருக்கிறது. டச்சுப் பாஸ்போர்ட் இடுப்புப் பையில் இருக்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவள் என் மகள். முத்திரை வைத்திருக்கிறவளுக்கு என் மகள் வயது. நான் நிற்கிறேன்.

உள்ளேயிருந்து தட்டோடு வந்த வெயிட்டர் என்னைப் பார்த்து நின்றான். முப்பது வயதிருக்கும், கறுப்புக் கோட்டு, கழுத்தில் போ டை. தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தான்.

"அக்கா, நீங்க எந்தக் கணக்கு?"

"பணியக்கணக்கு" என்றேன். கேட்டவுடன் வந்துவிட்டது.

"யாரு மக?"

"கவ்வாத்து முத்தையா மக. நாலாவது காம்பரா. நான் தோட்டத்துலதான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவன் என் காலடியைப் பார்த்தான். "வெளிநாட்டுக்காரங்க, கொழும்புக்காரங்க யாரும் அந்த எடத்துல வந்து நிக்க மாட்டாங்கக்கா. நம்ம ஆளுங்கதான் தொரை காலத்துப் பழக்கத்துல நிப்பாங்க. எங்கம்மா இன்னைக்கும் என்னையப் பாக்க வந்தா அங்கனதான் நிக்கும்."

நிமிர்ந்தேன். யாழினி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை அழைத்துப் போக எழுந்து வந்திருக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், ஒரு சொல் தப்பாமல் எல்லாம் விளங்கியிருந்தது.

"ஆன்டி, சொரி, டைம் ஓவர்" என்று கொழும்புப் பெண் மேலேயிருந்து சொன்னாள். "ஏன் ஆன்டி, வந்து பத்து நிமிஷமாச்சே, ஏறி வந்திருக்கலாமே?"

முத்திரையில்லாத அட்டையை இடுப்புப் பைக்குள் போட்டேன்.

8

யாழினி சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பங்களாப் பாதை கல்லும் வளைவுமான செங்குத்து. ஃபிக்ஸட்டில் அப்படிப்பட்ட இடத்தில் இறங்குவது நரகம். பெடல் காலை இழுத்துக்கொண்டு ஓடும், எதிர்த்து எதிர்த்து மிதிக்க வேண்டும். நான் காலை நிறுத்திக்கொண்டு, பிரேக்கைப் பிடித்து, பின்சக்கரம் கடகடவென்று சத்தம் போட அவளைப் பிடித்துவிட்டேன். லயத்துக்குப் பிரிகிற இடத்தில் இறங்கி நின்றாள். முகம் மழையில் நனைந்திருந்தது, மழை மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?"

தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் வடையையும் சொன்னேன். லயத்தைச் சொன்னேன். பெரட்டு, பேர், அரைப்பேர் எல்லாம் சொன்னேன். பதினாறு வருடத்தில் சொல்லாததைச் சாலையோரத்தில் ஐந்து நிமிடத்தில் கொட்டினேன்.

"நீங்கள் தோட்டத்தில வேலை செய்தது எனக்கு ஒண்டுமில்லை" என்றாள். "நான் எத்தினை பேரிட்ட துரை துரை எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் என்ர வாயால பொய் சொல்ல வச்சனீங்கள். இந்தப் பேரை எழுதேக்கயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லிருக்கலாம்."

"எனக்குச் சரியான கோவம்."

"வரட்டும்மா. வர வேண்டியதுதான்."

வேறு இரண்டு சவாரிக்காரர்கள் எங்களைக் கடந்து தலவாக்கலைப் பக்கம் போனார்கள். யாழினியின் அட்டையில் முத்திரை இருந்தது, அவள் போகலாம். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கீழே பார்த்தாள்.

"எது அந்த லயம்?"

9

சுவர் பூசியிருந்தார்கள், கூரைத் தகரம் புதுசு, டிஷ் அன்டெனா வரிசையாக நின்றது. மற்றபடி பத்துக் காம்பராவும் பத்துக் காம்பராதான். நாலாவது வாசலில் என் வயதுப் பெண்ணொருத்தி பீலிக்குழாயில் பிடித்த தண்ணீரை வாளியோடு இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு காம்பரா கைமாறியிருந்தது; எனக்கு அவளைத் தெரியவில்லை.

"யாரு வேணும்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். யாழினி முந்திக்கொண்டாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் முதல் தடவையாகக் கேட்ட சொல்லை நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

"நான் கவ்வாத்து முத்தையாவின்ர பேத்தி."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பேச்சு யாழ்ப்பாணம், உடுப்பு வெளிநாடு, தாத்தா கவ்வாத்து. கணக்குச் சரிவராத மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு என் சைக்கிளைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"பேரு போட்டிருக்கு. தோட்டத்து சைக்கிளா இது?"

"இல்லங்க. என்னோடது. எம்மக வாங்கிக் குடுத்தது."

"அப்ப ஏன் மழையில நிக்கிறீங்க? சைக்கிளயும் உள்ள தூக்கிட்டு வாங்க. பேரு போட்ட சாமான் வெளிய கெடந்தா கணக்கப்பிள்ள ஆளு அனுப்பி எடுத்துட்டுப் போயிருவாரு."

யாழினி இரண்டு சைக்கிளையும் ஒவ்வொன்றாக வாசற்படிக்கு மேலே தூக்கி உள்ளே வைத்தாள். காம்பராவில் பாதி இடம் போய்விட்டது. மீதிப் பாதியில் நாங்கள் உட்கார, அந்தப் பெண் தூள் தேயிலையில் சாயத் தேத்தண்ணி ஊற்றிச் சீனியை அள்ளிப் போட்டுத் தந்தாள். நல்ல தேயிலை எல்லாம் மேலே பங்களாவிலும் எங்கள் ஹொலண்டுக் கடைகளிலும் இருக்கிறது; பறிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் தூள்தான். இதுவும் நான் ஊரை விட்டுப் போனபோது இருந்தபடியே இருந்தது.

சுவரில் மணி பத்தே முக்கால். நுவரெலியா நிலையம் ஒரு மணிக்கு மூடும். இப்போது கிளம்பினால் யாழினியால் பிடிக்க முடியும்.

"நீ போம்மா. டைம் போகுது. உன் கார்டுல முத்திரை இருக்குல்ல" என்றேன்.

அவள் அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பையின் அடியில் வைத்தாள். இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"உங்களுக்கு அரைப்பேர் எண்டா எனக்கும் அரைப்பேர்தான்" என்றாள். "கோவம் அப்பிடியேதான் இருக்கு. அம்மப்பா எங்க படுக்கிறவர், அதைச் சொல்லுங்கோ."

நான் சைக்கிள் சாத்தியிருந்த மூலையைக் காட்டினேன்.